நல்ல நேரத்துக்குள் நாலு அடி

கல்யாண வீடுகளில் பந்தி முடிந்து கை கழுவுகிற இடத்தில் யாராவது ஒருவர் என்னைப் பிடித்துக்கொள்வார். "ஏனுங்க, உங்களுக்கு விதியில நம்பிக்கையே இல்லீங்களாமா? அப்புறம் எதை நம்பித்தானுங்க வாழறீங்க?" என்று கேட்பார். எனக்கு ஏதோ வியாதி வந்திருப்பதாக யாரோ சொல்லிவிட்ட மாதிரி அவர் முகத்தில் ஒரு பரிதாபம் இருக்கும். எனக்கு முன்கோபம் ஜாஸ்தி. "ஸ்பிரிங்கை நம்பிங்க" என்று சொல்லிவிட்டுத் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிடுவேன். அவர் அங்கேயே நின்று விழித்துக்கொண்டிருப்பார். பந்தி நடக்கிற இடத்தில் விளக்கம் சொல்ல முடியாது. இங்கே சொல்கிறேன்.

கணபதி என்கிற பகுதியில் ஒரு சந்துக்குள் இருக்கிறது எங்கள் கம்பெனி. கம்பெனி என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை, நாலு பவர் பிரஸ், ஏழு பேர். பம்ப்செட் மோட்டாருக்கு வேண்டிய வாஷரும் மூடித் தகடும் அடித்துக் கொடுக்கிறோம். அப்பா ஆரம்பித்தது. மெக்கானிக்கல் டிப்ளமோ படித்த ஒரே பிள்ளை நான் என்பதால் என் கைக்கு வந்தது. வெளி வேலைகளை என் வீட்டுக்காரர் பார்க்கிறார், உள்வேலை முழுக்க என்னுடையது. கொட்டகைக்குள் என் குரல்தான் எல்லாவற்றையும்விடச் சத்தமாகக் கேட்கும் என்று சொல்லிச் சிரிப்பார்கள். பிரஸ் சத்தத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறார்கள்.

பவர் பிரஸ் என்பது ஆள் உயரத்துக்கு நிற்கிற இரும்பு. காலால் பெடலை ஒரு தடவை மிதித்தால் மேலே இருக்கிற அச்சு ஒரு தடவை இறங்கும். தகட்டை வெட்டிவிட்டு மேலே போய் நின்றுவிடும். மறுபடி மிதிக்கும்வரை அது அசையக் கூடாது. அப்படி அதை நிறுத்தி வைப்பது கட்டைவிரல் நீளத்தில் ஒரு ஸ்பிரிங். அது தளர்ந்தால் ஒரு மிதிக்கு இரண்டு அடி விழும். முதல் அடி விழுந்ததும் வெட்டின துண்டை எடுக்கக் கை உள்ளே போயிருக்கும், அப்போது இரண்டாவது அடி விழும். அதற்காகத்தான் முன்னால் ஒரு கம்பிக் கூண்டு மாட்டியிருக்கும். தகடு உள்ளே போகும், கை போகாது, துண்டைக் கொக்கியால்தான் இழுத்து எடுக்க வேண்டும். இவ்வளவுதான் சங்கதி. இந்த ஸ்பிரிங்கும் கூண்டும் புரிந்தால் மீதிக் கதை புரிந்துவிடும்.

இரண்டாம் நம்பர் பிரஸ்ஸில் ஒருத்தி வேலை செய்தாள். என்னைவிட ஆறு வயது சின்னவள். போத்தனூரில் வீடு, தினமும் இரண்டு பஸ் மாறி வருவாள். வேதக்காரக் குடும்பம், அதாவது கிறிஸ்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாட்டுக் குழுவில் முன்வரிசையில் நின்று பாடுகிறவள். பன்னிரண்டு வருசம் எங்களிடம் இருந்தாள். அவள் அடித்த வாஷரைத் திருப்பி அனுப்பினவர் கிடையாது. தகட்டை உள்ளே விடுகிற வேகமும் துண்டை எடுக்கிற வேகமும் பார்க்கவே அழகாக இருக்கும். "கண்ணு, மெதுவா, மிஷினுக்கு மூச்சு வாங்குது" என்று நான் கிண்டல் செய்வேன். "அதுக்குச் சோறு போடறதே நானுங்க்கா" என்பாள்.

அந்த வருசம் ஆயுத பூஜைக்கு எல்லா மிஷினையும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தோம். கூண்டுகளைக் கழற்றிப் பச்சைப் பெயிண்ட் அடித்துப் பின்சுவரில் ஆணியில் மாட்டிக் காயவிட்டோம். சாயங்காலம் பூஜை. அவரவர் மிஷினுக்கு அவரவர்தான் பொட்டு வைப்பது வழக்கம். வேறு வருசங்களில் அவள் பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு சீக்கிரம் கிளம்பிவிடுவாள். அன்றைக்கு என்னவோ நின்றுகொண்டிருந்தாள். நான்தான் சந்தனக் கிண்ணத்தை அவளிடம் நீட்டினேன்.

"ஏனுங்க்கா, நான் வெக்கலாமுங்களா?"

"அதென்ன கேள்வி? உன்ற மிஷினுக்கு நீ வெக்காம வேற ஆரு வெப்பா?"

சிரித்துக்கொண்டே நடுவிரலால் சந்தனத்தை எடுத்து வைத்தாள். அதன்மேல் ஆள்காட்டி விரலால் குங்குமம். தள்ளி நின்று பார்த்து, "இப்பத்தானுங்க்கா பொண்ணாட்ட இருக்குது" என்றாள். எல்லாரும் சிரித்தோம்.

மறுநாள் விஜயதசமி. காலையில் நல்ல நேரத்துக்குள் ஒவ்வொரு மிஷினையும் நாலு அடி ஓட்டிவிட வேண்டும். அப்போதுதான் வருசம் முழுக்க ஓட்டம் நன்றாக இருக்கும் என்பது என் வீட்டுக்காரரின் கணக்கு. அன்றைக்கு எட்டே முக்காலோடு நல்ல நேரம் முடிந்துவிடும். பூக்காரர் தாமதம், வாழைக்கன்று கட்டுவதில் தகராறு, மணி எட்டரையைத் தாண்டிவிட்டது. அவர் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தார். "வெரசா ஆகட்டும், வெரசா ஆகட்டும்."

எனக்கு நல்ல நேரத்தில் அன்றைக்கும் நம்பிக்கை இல்லை. காலண்டர் தாளில் அச்சடித்து வருகிற நேரத்துக்கும் என் மிஷினுக்கும் என்ன உறவு என்று வருசா வருசம் சண்டை போட்டவள் நான். அன்றைக்குச் சண்டை போட அலுப்பாக இருந்தது. பண்டிகை நாளும் அதுவுமாக எதற்கு என்று விட்டுவிட்டேன். கூண்டுகள் ஆணியில் தொங்கின. பெயிண்ட் இன்னும் பிசுபிசுவென்று ஒட்டியது. நான் கையைத் தட்டிக் கத்தினேன்: "நாலு அடிதானே! அடிச்சுப்போட்டு நிறுத்துங்க. கூண்டு அப்புறம் மாட்டிக்கலாம்!"

இரண்டாம் நம்பரில் அவள் ஒரு தடவை மிதித்தாள். அச்சு இறங்கியது, ஏறியது. துண்டை எடுக்கக் கையை விட்டாள். அச்சு மறுபடியும் இறங்கியது.

வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. அதற்கு மேல் அந்தக் காலையைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். "விதி. நம்ம கையில என்ன இருக்குது?" என்றார் என் வீட்டுக்காரர். மாமியார் என் காதோடு, "அவுங்க சாமி வேற, நம்ம சாமி வேற. பொட்டு வெக்க உட்டது உன்ற தப்பு" என்றார். கடைசியில் அவளைப் பார்க்க உள்ளே விட்டார்கள். கையில் பெரிய கட்டு. என்னைப் பார்த்ததும் அவள்தான் எனக்கு ஆறுதல் சொன்னாள்.

"அழுவாதீங்க்கா. உங்க மேல என்னங்க தப்பு? எத்தனையோ நாள் கூண்டு இல்லாம ஓட்டியிருக்கறோம், ஒண்ணும் ஆகலீங்களே. இன்னிக்கும் ஒரு மிதிதானுங்க மிதிச்சேன். அது தானா எறங்குச்சு. எனக்குன்னு எழுதியிருக்குதுங்க."

தானா இறங்கவில்லை. எனக்குத் தெரியும். பூஜைக்கு நாலு நாள் முன்னால் மூன்றாம் நம்பர் ஆபரேட்டர் வந்து, "ரெண்டாம் நம்பரு ரெண்டு அடி அடிக்கிற மாதிரி இருக்குதுங்க, பாருங்க" என்று சொல்லியிருந்தார். நானே போய் ஸ்பிரிங்கைத் தொட்டுப் பார்த்தேன், தளர்ந்திருந்தது. புது ஸ்பிரிங் வாங்கிவந்தேன். ஃபிட்டர் பூஜைக்காகக் கோபிசெட்டிபாளையத்துக்குப் போய்விட்டார். மாற்றுவது எனக்கும் தெரியும், அரை மணி நேர வேலை. வெள்ளையடிப்பு, பெயிண்ட், பூஜைச் சாமான் என்று ஓடியதில் பூஜை முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அவள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது புது ஸ்பிரிங் செய்தித்தாளில் சுற்றினபடி என் மேஜை டிராயரில் கிடந்தது.

இதை அவளிடம் சொல்ல வாயைத் திறந்தேன். "எழுதியிருக்குதுங்க" என்று அவள் மறுபடி சொன்னாள். நான் தலையை ஆட்டினேன். இருபது வருசமாக விதி இல்லை, விதி இல்லை என்று ஊரெல்லாம் வாயடித்தவள், அது எனக்குத் தோதாக வந்தபோது ஓசைப்படாமல் அதன் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். தூ என்று இருந்தது. இருந்தாலும் ஒளிந்துகொண்டேன்.

ஆஸ்பத்திரிச் செலவிலும் சம்பளத்திலும் குறை வைக்கவில்லை. அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. ஸ்பிரிங்கை அன்று சாயங்காலமே நானே மாற்றினேன். பழையதை அதே செய்தித்தாளில் சுற்றி டிராயரில் போட்டேன். தூக்கி எறிய மனசு வரவில்லை, வெளியே எடுத்து வைக்கத் தைரியமும் வரவில்லை.

பழங்கள் வாங்கிக்கொண்டு மாதம் இரண்டு தடவை போத்தனூருக்குப் போவேன். புண் ஆறியது. ஆனால் அவள் ஒரேயடியாக இளைத்துக்கொண்டு வந்தாள். வேலைக்குத் திரும்பி வா, மிஷின் வேண்டாமென்றால் மேற்பார்வை பார் என்று கூப்பிட்டேன். "மிஷின் பக்கமே வரமாட்டேனுங்க்கா. வேண்டாம்னு சொல்லியாச்சு" என்பாள். யார் சொன்னது என்று கேட்டால் பேச்சை மாற்றுவாள். எட்டு மாசம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போனபோது வீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தாள். தெருவே கோயிலுக்குப் போயிருந்தது.

"நீ பாடப் போகலையா அம்மணி?"

"போறதில்லீங்க. அப்பமிருந்தே போறதில்லீங்க."

ஏன் என்று கேட்டேன்.  கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "சந்தனம் வெச்ச வெரலும் குங்குமம் வெச்ச வெரலும்ங்க்கா. பாத்தீங்களா? சரியா அந்த ரெண்டு. மத்த எட்டையும் தொடலீங்க. ஆண்டவருக்கு ஆகாததை நான் செஞ்சுபோட்டேன். மிஷின் பக்கமே வராதேன்னு அவர் சொன்னதாத்தான் எடுத்துக்கிட்டேனுங்க. பாவசங்கீர்த்தனத்துலகூட ஃபாதர்கிட்டச் சொல்லலீங்க, அவ்வளவு வெக்கமா இருக்குது. இந்த மூஞ்சிய வெச்சுட்டு முன்னால நின்னு எப்படீங்க பாடறது?"

 என் மாமியார் ஒரு பக்கமிருந்து சொன்னதை இவள் இன்னொரு பக்கமிருந்து சொல்கிறாள். இரண்டு சாமிகளும் சேர்ந்து ஒரு பொட்டுக்காக இவள் விரலை எடுத்தார்களாம். ஐயோ, எத்தனை பெரிய அநியாயம்! என் டிராயரில் கிடக்கிற ஒரு ஸ்பிரிங்குக்காக இவள் எட்டு மாசமாகப் பாவி என்று தன்னைத்தானே தண்டித்துக்கொண்டிருக்கிறாள். நான் மாதம் தவறாமல் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போயிருக்கிறேன். அன்றைக்கு டீயைத் தொடவில்லை. "இதோ வாரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தேன்.

ஸ்கூட்டரை நேரே கணபதிக்கு விட்டேன். கம்பெனியைத் திறந்து டிராயரிலிருந்து அந்தப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு திரும்பவும் போத்தனூர். வழியெல்லாம் என்ன சொல்வது என்று வாக்கியம் கட்டிக்கொண்டே போனேன். போய் உட்கார்ந்ததும் எல்லாம் மறந்துவிட்டது. பொட்டலத்தைப் பிரித்து அவள் முன்னால் வைத்தேன்.

"இது ரெண்டாம் நம்பரோடது."

இடது கையால் எடுத்தாள். மிஷின் தெரிந்தவள் ஆயிற்றே. இழுத்துப் பார்த்தாள், அது இழுத்த இடத்திலேயே நின்றது. "இது செத்துப்போச்சுங்களே" என்றாள்.

"ஆமா. ஒரு மிதிக்கு ரெண்டு அடி விழுந்தது இதனால. ரெண்டு விரல் போனது, துண்டை எடுக்கறது அந்த ரெண்டு விரல்தான்கறதனால. நீயே நெனச்சுப் பாரு, கூண்டு இல்லாதப்ப எந்த விரல்ல எடுப்பே?"

அவள் தன்னையறியாமல் வலது கையைத் தூக்கி, இல்லாத விரல்களால் இல்லாத துண்டை எடுக்கிற மாதிரி காற்றில் அசைத்தாள். அப்படியே நிறுத்தினாள்.

"இது போச்சுன்னு உங்களுக்கு எப்பத் தெரியுமுங்க?"

"பூஜைக்கு நாலு நாளைக்கு முன்னாலயே. புதுசு வாங்கி டிராயர்ல வெச்சிருந்தேன். கூண்டு அப்புறம் மாட்டிக்கலாம்னு கத்தினதும் நான்தான். எழுதினது ஆருமில்லை கண்ணு. நான்தான் பாக்காம உட்டது."

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் எழுந்து நின்றாள். இத்தனை வருசத்தில் அவள் முகத்தில் நான் கோபத்தைப் பார்த்ததே இல்லை.

"எட்டு மாசம்! எட்டு மாசமா அந்தப் பொட்டை நெனச்சு நெனச்சுச் சோறு எறங்காம அழுதிட்டிருக்கேன். நீ இதைப் பொட்டலம் கட்டி வெச்சுட்டு என்னைப் பாக்க வந்து வந்து போயிட்டிருந்திருக்கே? நல்லா இருக்குது நாயம்! எந்திரி. எந்திரிச்சுப் போ என்ற ஊட்டை உட்டு."

போனேன்.   ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். அவள் என்னைத் திட்டத் திட்ட என் நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது. எட்டு மாசமாக அவள் தன்னைத் திட்டிக்கொண்டிருந்தாள். இப்போதுதான் திட்டு சரியான விலாசத்துக்கு வந்து சேர்ந்தது.

மூன்று வாரம் அவளிடமிருந்து பேச்சில்லை. நானும் போகவில்லை. வழக்குப் போட்டாலும் போடட்டும் என்று வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர், "வெரசா வெரசான்னு முடுக்கினது நானில்லையா?" என்றார். அந்த மனுசனை அன்றைக்குத்தான் முழுசாகப் பிடித்தது.

நாலாவது வாரம் திங்கட்கிழமை காலையில் கம்பெனி வாசலில் அவள் நின்றாள். கையில் சோற்றுப் பை. என்னைத் தாண்டி நேரே உள்ளே போனாள். நாலு மிஷினையும் சுற்றி வந்தாள். ஒவ்வொரு கூண்டையும் பிடித்து ஆட்டினாள். ஒரு கட்டையை எடுத்து ஒவ்வொரு பெடலாகப் பத்துத் தடவை அழுத்தி, இரண்டாவது அடி விழுகிறதா என்று குனிந்து பார்த்தாள். எல்லாரும் வேலையை விட்டுவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மன்னிச்சுப்போட்டேன்னு நெனச்சுக்காதீங்க" என்றாள் என்னிடம்.

"நெனைக்கலை."

"ஃபாதர்கிட்டப் போய்ச் சொன்னேனுங்க. இதுல உன்ற பாவம் எங்கேம்மா இருக்குதுன்னு கேட்டாருங்க. நேத்துப் பாடினேன்." அதைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் இளகியது. உடனே பழையபடி ஆயிற்று. "இனி தெனமும் காலையில இந்த நாலையும் நான் பாக்கோணும். நான் சரின்னு சொல்ற வரைக்கும் ஒரு மிஷினும் ஓடக் கூடாதுங்க. நீங்க சொன்னாலும் சரி, உங்கூட்டுக்காரர் சொன்னாலும் சரி. சம்மதம்னா இருக்கறேன், இல்லீன்னா இப்பவே பஸ்ஸேறிர்றேன்."

மெயின் சுவிட்ச் பெட்டிக்கு அன்றைக்கே பூட்டு வாங்கினேன். சாவி அவளிடம்தான் இருக்கிறது.

விதி இல்லையென்றால் எதை நம்பி வாழ்கிறீர்கள் என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். நடந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது, பாதி நேரம் அது நம் மேஜை டிராயரில்தான் கிடக்கிறது. இதைத் தெரிந்துகொண்டபின் வாழ்க்கை வெறிச்சென்று ஆகிவிடும் என்கிறார்கள். எனக்கு அப்படி ஆகவில்லை. காலையில் எழுந்தால் செய்வதற்கு வேலை இருக்கிறது. நான் பார்க்காமல் விட்டால் ஒருத்தர் விரல் போகும், பார்த்தால் போகாது. இதைவிடப் பெரிய அர்த்தம் எனக்குத் தேவைப்படவில்லை. எல்லா விபத்தும் யாரோ ஒருவர் தப்பால்தான் வருகிறது என்று நான் சொல்லமாட்டேன். மழையும் இருக்கிறது, வியாதியும் இருக்கிறது. ஆனால் எழுதியிருக்கிறது என்று கையைக் கட்டிக்கொள்வதற்கு முன்னால் டிராயரைத் திறந்து பார்த்துவிட வேண்டும்.

அடுத்த ஆயுத பூஜை வந்தது. பொட்டு வைக்கிற நேரத்தில் எனக்குச் சங்கடமாக இருந்தது. சந்தனக் கிண்ணத்தை அவள் கண்ணில் படாமல் மூன்றாம் நம்பர் பக்கமாகத் தள்ளினேன். அவள் வந்து எடுத்துக்கொண்டாள். இடது கை மோதிர விரலால் இரண்டாம் நம்பருக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். என் மாமியார் வாயைப் பிளந்தார். "வேண்டாம் அம்மணி, எதுக்கு..." என்று நான் இழுத்தேன்.

"பொட்டு பாவமுங்க. அது என்ன பண்ணுச்சு?" என்றாள்.

மறுநாள் விஜயதசமி சனிக்கிழமை. இந்த வருசமும் எட்டே முக்காலோடு நல்ல நேரம் முடிகிறது, ஒன்பதுக்கு ராகு காலம். எட்டு முப்பத்தைந்துக்கு எல்லாம் தயார். இரண்டாம் நம்பர் கூண்டின் ஒரு போல்ட் மட்டும் மரை தேய்ந்து சுற்றிக்கொண்டே இருந்தது. அவள் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு வேறு போல்ட் தேட ஆரம்பித்தாள். டப்பா டப்பாவாகக் கவிழ்த்துத் தேடினாள். என் வீட்டுக்காரர் செல்போனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. எட்டு நாற்பத்தைந்து ஆயிற்று. அவர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அவள் பக்கத்தில் போய்க் குனிந்து தானும் போல்ட் தேடினார்.

போல்ட் கிடைத்து, மாட்டி, முறுக்கி, கட்டையால் பத்துத் தடவை அழுத்திப் பார்த்து முடித்தபோது ஒன்பது பத்து. ராகு காலம் தொடங்கிவிட்டது. "இப்ப ஓடலாமுங்க" என்றாள். ஸ்டூலை இழுத்துப்போட்டு அவளே உட்கார்ந்தாள். விபத்துக்குப் பிறகு அவள் மிஷினில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. ஒரு தகட்டைக் கூண்டுக்குள் விட்டு மிதித்தாள். அச்சு ஒரு தடவை இறங்கி, ஏறி, நின்றது. மறுபடி மிதித்தாள். இறங்கி, ஏறி, நின்றது. நாலு அடி. 

அவள் ஸ்டூலில் திரும்பி, இரண்டு கைகளையும் என் முகத்துக்கு நேராக விரித்துக் காட்டினாள்.

"எண்ணிக்கங்க்கா. எட்டும் இருக்குதுங்க."